பின்சீட்டுக்காரனின் மொரீஷியஸ்

எனக்கு வாந்தி வரும். மொரீஷியஸ் பற்றி எழுதுகிறவன் கடலின் நீலத்தில் ஆரம்பிப்பதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் என் பயணமெல்லாம் வாந்தியில்தான் ஆரம்பிக்கும், பாதி நேரம் அங்கேயே முடிந்தும் விடும். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டே கிளம்புகிறேன்.

நேர் ரோடு என்றால் எனக்குக் கவலையே இல்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு எத்தனை பள்ளம் இருந்தாலும், மெட்ரோ வேலைக்காக எத்தனை இடத்தில் திருப்பிவிட்டாலும் வயிறு கம்மென்று கிடக்கும். மலை ரோடுதான் ஆகாது. ஏற்காட்டில் நாலாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதில்லை. ஏலகிரியில் ஆறு. திருப்பதிக்கு மட்டும் படி வழியாக நடந்தே ஏறிவிடுவேன். அதனால் முகப்பேரில் எங்கள் ஃபிளாட்டில் எனக்குப் பக்திமான் என்று பெயர்.

காரே இல்லாதவனா என்றால் அதுவும் இல்லை. பதினொரு வருஷமாக ஒரு சின்ன கார் வைத்திருக்கிறேன். தினமும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் மலை என்றால் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக் காராக இருந்தாலும் தினக்கூலிக்கு ஓட்டித் தரும் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுவிடுவோம். மலைக்குக் கை பழகியிருக்க வேண்டும், நமக்கெதற்கு வம்பு என்பது கணக்கு. எனக்கு ஆக்டிங் டிரைவர் பூந்தமல்லி பாபு. அவன் ஓட்டுவான், நான் பின்சீட்டில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வருவேன். செய்தித்தாள்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சொன்னவர் மலைக்கே போகாதவராக இருக்க வேண்டும்.

இதில் அடிபட்டது என் மனைவி கலா. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஒரு மலையின் உச்சியையும் அவள் பார்த்ததில்லை. எல்லாம் கால்வாசி, அரைவாசி. அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் அலுவலகப் பெண்கள் சேர்ந்து வருஷம் ஒரு டூர் போகிறார்கள். அவர்களில் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். மொரீஷியஸின் தெற்குக் கரையில் ஒரு ரோடு. ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் ரோடு பாம்பாக வளைந்து போகிறது. அந்த இடத்துக்கு மகோந்த் என்று பெயராம்.

"வெள்ளி விழாவுக்கு எனக்கு நகை வாணாம், பொடவ வாணாம். அந்த வளைவுல ஒரு தடவ போவணும்," என்றாள். அப்புறம் தட்டில் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்த ஒரு தடவ உங்களோட வர்றேங்க. இதுவும் பாதியில திரும்பிச்சுன்னா, இனிமே உங்கள எங்கியும் கூப்ட மாட்டேன். நான் லேடீஸ் குரூப்போட போய்க்கிறேன். கோச்சிக்காதீங்க."

குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இவள் முடிவு பண்ணிவிட்டுப் பேசுகிறாள் என்று எனக்குப் பகீரென்றது.

மொரீஷியஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் அடி. என் பையில் நாலு எலுமிச்சம்பழம். வெளியிலிருந்து பழம் எதுவும் தீவுக்குள் வரக்கூடாதாம். அதிகாரி ரொம்ப மரியாதையாக, "சமையலுக்கா?" என்று கேட்டார். முகர்ந்து பார்க்க என்றேன். அவர் நாலையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாயேபூர் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கினோம். வீட்டுக்காரி மதாம் ரோஸ்லின் காலையில் ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே எதையோ நசுக்கி வைத்துக் கொடுத்தார். கடித்துப் பார்த்தால் நம்ம மசால் வடை! சோம்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மத்தியானம் தெருமுனையில் டால் பூரி விற்றார்கள். பூரி என்கிறார்களே தவிர பூரி இல்லை. வெல்லம் போடாத பருப்புப் போளி. அதில் அவரைக் கொட்டைக் குழம்பை ஊற்றி, காகிதத்தில் சுற்றி, ஜோடி ஜோடியாகக் கொடுக்கிறார்கள். நான் மூன்று ஜோடி சாப்பிட்டேன். ரோட்டில் போகாதவரை என் வயிறு தங்கமான வயிறு.

இரண்டாம் நாள் தேவன் என்கிற டாக்சிக்காரர் வந்தார். தாத்தாவுக்குத் தாத்தா நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார், வேல் குத்திக்கொள்கிறார், ஆனால் தமிழில் தெரிந்தது வணக்கமும் அரோகராவும்தான். எங்களோடு ஆங்கிலம், போனில் மனைவியோடு அந்தத் தீவு மொழியான கிரியோல். காலையில் மலைமேல் இருக்கிற ஏரிக்கோயிலுக்குப் போனோம். ஏறுகிற ரோடு அகலமாக, நேராக இருந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா," என்று கலாவிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் இறங்குகிற ரோடு வந்தது. இடம், வலம், இடம். கலா முன்சீட்டில், நான் பின்னால். நாலாவது திருப்பத்தில் தேவனின் தோளைத் தட்டினேன். பாவம், பழக்கப்பட்டவர் போல உடனே ஓரம் கட்டினார். நான் ஒரு காட்டுக் கொய்யாச் செடிக்குப் பக்கத்தில் காலையில் சாப்பிட்ட மசால் வடை ரொட்டிக்குக் கணக்கு முடித்தேன்.

கலா இறங்கி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். இடது கை நெற்றியில், வலது கை முதுகில். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "திரும்பிடலாம் தேவன்," என்று அவரிடம் சொன்னாள். கீழே ஏதோ அருவி இருந்ததாம், அதைப் பார்க்காமலே திரும்பினோம்.

தேவன் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும். பதினொரு வருஷம்."

"அப்புறம் ஏன் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. மாயேபூரில் சந்தை. கத்தரிக்காய், பீர்க்கங்காய், கீரைக்கட்டு, நடுவில் நைலான் சட்டை. எங்கள் முகப்பேருக்குப் பக்கத்துப் பாடி மார்க்கெட்டைக் கழுவித் துடைத்துக் கடலோரம் வைத்தது போல இருந்தது. அங்கிருந்து குளிக்கிற கடற்கரைக்கு பஸ் ஏறினோம். இறங்க வேண்டிய இடம் வந்ததும் நம் வழக்கப்படி எழுந்து போய் பஸ்ஸின் தகரத்தில் பட்பட்டென்று தட்டினேன். பஸ் நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். இரண்டு அம்மாக்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் கலா விசாரித்தாள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்த ஆள் பஸ்ஸை ஏன் அடிக்கிறார், அது என்ன தப்பு பண்ணியது என்று கேட்கிறார்கள்."

தலைக்கு மேலே மணி அடிக்கிற பொத்தான் இருந்திருக்கிறது. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கரும்புக்காட்டு ஓரமாக வெயிலில் நடந்தோம். நான் எரிச்சலில் வந்தேன். கலா சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பு நடையோடு நின்றுபோனது.

கடற்கரையில் அன்னாசிப்பழத்தை மிளகாயும் புளியும் தடவி விற்றார்கள். அதைத் தின்றுகொண்டே கலா சொன்னாள்: "ரோஸ்லின் அம்மாகிட்ட சொல்லிட்டேங்க. நாளைக்கு காலைல ஒரு வேன் அந்த ரோட்டு வழியா போவுதாம். வெள்ளக்காரங்க நாலு பேரு வராங்க. நான் அதுல போய்ட்டு வந்துர்றேன். நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க."

"நானும் வரேனே."

"வாணாங்க. பாவம், அவுங்களும் துட்டு குடுத்துட்டு வராங்க இல்ல?"

நியாயமான பேச்சு. அதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அவள் தண்ணீரில் கால் நனைக்கப் போனாள். எனக்கு தேவன் கேட்ட கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. போனை எடுத்து பாபுவைக் கூப்பிட்டேன். பூந்தமல்லியில் டீக்கடையில் இருந்தான், பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"இன்னா அண்ணாத்தே, ஃபாரின்லேர்ந்து போனு! எப்டி கீற? அண்ணி நல்லா கீறாங்களா?"

"டேய் பாபு, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. மலை ரோட்ல நீ ஓட்றப்ப உனக்கு வாந்தி வந்துகீதா?"

"டிரைவருக்கு எங்கன்னா வாந்தி வரும்? கை ஸ்டீரிங்ல கீது, கண்ணு ரோட்ல கீது. வளைவு வரப்போவுதுன்னு வயித்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருது. பின்னாடி குந்த வச்சா நானே கக்கிடுவேன். போன மாசம் மச்சான் ஓட்னான், நான் பின்னால குந்திகினு வந்தேன், ஏலகிரியில ரெண்டாவது வளைவுலயே அவுட்டு."

"ஏன்டா, இத்தினி வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ எங்க அண்ணாத்தே கேட்ட? பாபு, மலைக்குப் போவணும், வாடான்ன. வந்தேன். சொல்லிகினா அப்பால என்னை யாரு கூப்டுவா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னா, ஓட்டப் போறியா? பாத்து நைனா, அண்ணி பக்கத்துல குந்துவாங்க. வளைவுக்கு முன்னாடியே பிரேக்க போட்டுக்க, வளைவுக்குள்ள போய் மிதிக்காத. செகண்ட் கியர்லயே போ. ஒவ்வொரு வளைவுக்கும் ஆரன் அடி," என்றான்.

எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் வேலையே எஸ்டேட்டில் தரப் பரிசோதனை. ஒரு பேரிங் தேய்ந்து வந்தால் ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். லேத் ஓட்டுகிறவர்கள் என்னைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவன் என் வயிற்றைப் பார்த்து ஒரு ஏன்கூடக் கேட்கவில்லை. மலைக்கு பயந்து ஸ்டீரிங்கை அடுத்தவன் கையில் கொடுத்தேன், கொடுத்ததால் வாந்தி வந்தது. இதற்கு நடுவில் செய்தித்தாள் வேறு.

நாலாம் நாள் காலையில் ரோஸ்லின் அம்மாவின் தம்பி மகனிடம் ஒரு சின்ன வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்தேன். நம் ஊர் மாதிரியே இடப்பக்க ரோடு, வலப்பக்க ஸ்டீரிங். கலா தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் வேனுக்காக நின்றாள். அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறு. நான் ஓட்டறேன்."

"உங்களுக்கு மலை ரோடு ஓட்டத் தெரியாதேங்க."

"தெரியாது."

"கடல் பக்கம் தடுப்புகூட சரியா இல்லியாம்."

"அது தெரியும். ஓட்றவனுக்கு வாந்தி வராதாம். பாபு சொல்றான்."

அவள் என்னையே பார்த்தாள். வேன் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அதைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் வேன்காரனுக்கு வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஏறினாள். பெல்ட்டைப் போட்டு, "மாங்காட்டம்மா, நீதான்," என்று டேஷ்போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல் ஒரு மணி நேரம் கரும்புக்காடு, சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கு ஒரு மாதா கோயில், சிவப்புக் கொடி கட்டிய ஒரு இந்துக் கோயில். பிறகு இடது பக்கம் மரங்கள் விலகின. ரோடு கடலோரம் போய் ஒட்டிக்கொண்டது. முதல் வளைவு வந்தது. பாபு சொன்னபடி ஹாரன் அடித்தேன். இரண்டாவது வளைவுக்கும் அடித்தேன். அங்கே யாருமே ஹாரன் அடிப்பதில்லை போலிருக்கிறது. ரோட்டோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையாட்டினாள். கலாவும் கையாட்டினாள். அடுத்த ஊர் முழுக்க இப்படியே வணக்கம் வாங்கிக்கொண்டு போனோம்.

மூன்றாவது வளைவு. நாலு. வயிற்றைக் கவனித்தேன். சத்தமே இல்லை. ஐந்து. ஆறு. ஏலகிரி எல்லை தாண்டிவிட்டது! "கலா, ஏழு!" என்று கத்தினேன்.

"ரோட்ட பாருங்க!"

"கடல் எப்படி இருக்கு?"

"நீங்க திரும்பாதீங்க, நான் சொல்றேன். தண்ணி மூணு கலர்ல கீதுங்க. கிட்டக்க கண்ணாடி மாதிரி, அடியில மணலு தெரியுது. அப்பால பச்ச. அதுக்கும் அப்பால ஒரு வெள்ளக் கோடு, அலையெல்லாம் அங்கியே ஒடஞ்சிருது, இங்க வரவே இல்ல. ஒருத்தரு இடுப்பளவு தண்ணில நின்னுகினு தூண்டில் போட்றாரு. எம்மாந்தூரத்துல நின்னுகினு! ஐயோ, அந்தப் பாறைய பாருங்களேன். இல்ல, வாணாம், பாக்காதீங்க!"

நான் பார்த்தது தார் ரோடும் வெள்ளைக் கோடும்தான். செம்பரம்பாக்கம் கரையில் போனால்கூட ஏரியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவேன். இங்கே மகா சமுத்திரம் பக்கத்திலேயே கிடந்தது, திரும்பவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வண்டி ஏறினால் எலுமிச்சம்பழமும் நானுமாகக் கண்ணை மூடிக்கொள்வேன், அவள் யாரிடம் பேசுவாள்?

ஒரு ஆற்றுப் பாலம் தாண்டியதும் கறுப்புப் பாறை எழுந்து நின்றது. மகோந்த். ரோடு பாறையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, சட்டென்று கடலுக்கு மேலாகத் திரும்பியது. எனக்கு பயம் வந்துவிட்டது. பாபு சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. வளைவுக்குள் போய் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறியது. எதிரே வந்த பஸ் நிதானமாக ஒதுங்கி வழிவிட்டது.

கலாவின் பேச்சு நின்றுவிட்டது. பார்த்துப் பார்த்து வாய் அடைத்துப் போயிருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எப்படி?" என்றேன். பதில் இல்லை. "சொல்லேன், எப்படி இருக்கு?"

"நிறுத்துங்க," என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

வளைவு தாண்டி ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். கீழே கடல் மூன்று கலரில் கிடந்தது, அப்போதுதான் பார்த்தேன். இரண்டு நொடி பார்த்திருப்பேன். அவள் குனிந்து, புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பே குலுங்க வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையில் மறுபக்கம் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. கை தானாகவே அவள் நெற்றிக்குப் போனது. நெற்றி வேர்த்து ஜில்லென்றிருந்தது. இவளுக்கும் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எந்த மலையிலும் நாங்கள் அவ்வளவு தூரம் போனதே இல்லையே.

வாய் கொப்பளித்துவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர்.

"இவ்ளோ கஷ்டமாங்க இது?"

பாட்டிலை வாங்கி மூடிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

"செத்துருவோம்னு தோணுதுங்க. நீங்க எடுக்கறப்பல்லாம் தலைய புடிச்சிகினே மனசுக்குள்ள திட்டுவேன். ஊருக்குப் போவப் புடிக்காம வேணும்னே பண்றீங்கன்னுகூட நெனச்சிருக்கேன்."

"நான் உன் இடத்துல இருந்தா வாய்விட்டே திட்டியிருப்பேன்," என்றேன்.

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. காற்று நன்றாக வீசியது. கொஞ்ச நேரம் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இன்னும் எத்தனை வளைவு பாக்கி என்று எனக்குத் தெரியாது. வந்த வழியே இறங்கினால் எல்லாம் தெரிந்த வளைவு, அப்புறம் நேர் ரோடு. அவள் ஆசைப்பட்ட இடமும் வந்தாகிவிட்டது.

"திரும்பிடலாமா கலா?" என்றேன்.

அவள் எழுந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"இன்னாத்துக்கு திரும்பணும்? இன்னொரு தடவ வாந்தி வந்தா நிறுத்துங்க, எடுத்துட்டு மறுபடியும் போலாம். நான் தாங்கிக்கிறேன். ஓட்டுங்க."

சாவியைத் திருகினேன். ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் வாயைத் துடைத்துக்கொண்டு நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை. திரும்பிடலாம் என்று அவளே சொல்லட்டும் என்று பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.